வட்டவடையில் ரேஞ்ச் தேடி

மூணாறிலிருந்து வட்டவடை 45 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பார்கள். நம்பாதீர்கள். மாட்டுப்பட்டி அணைக்கட்டில் சுற்றுலா வண்டிகள் பாதையை அடைத்து நிற்கும். குண்டளை ஏரிக்கு அருகே சோளம் சுட்டு விற்கும் கடைகளில் உங்கள் ஓட்டுநருக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். டாப் ஸ்டேஷனில் மேகம் விலகுமா என்று ஊரே காத்திருக்கும். அதையும் தாண்டினால் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் சோதனைச் சாவடி. வண்டி எண்ணை எழுதிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். சோலைக்குள் நுழைந்ததும் குளிர் கூடுகிறது, வெளிச்சம் குறைகிறது, கைபேசியில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.

"இனி கொஞ்ச தூரத்துக்கு ரேஞ்ச் கிடையாதுக்கா. வீட்டுக்கு ஏதாவது சொல்லணும்னா சாவடிக்கு முன்னாலேயே சொல்லியிருக்கணும்" என்றார் ஜீப் ஓட்டுநர்.

தமிழ்நாட்டில் இதை 'டவர்' என்போம், 'சிக்னல்' என்போம். 'ரேஞ்ச்' மலையாளத்தில் புழங்கும் சொல். எல்லையோரத் தமிழும் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. மொழிபெயர்ப்பையும் ஒரு தொழிலாகக் கொண்டவள் என்பதால் 'பிராட்பேண்ட்' என்று வரும் இடத்திலெல்லாம் 'அகலக்கற்றை' என்று எழுதிப் பழகியிருக்கிறேன். வட்டவடையில் தங்கிய இரண்டு நாட்களில் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லத் துணிவு வரவில்லை. கற்றை அகலமா குறுகலா என்பது அது வந்த பிறகு எழ வேண்டிய கேள்வி.

டாப் ஸ்டேஷன் என்ற பெயருக்கே ஒரு கம்பிதான் காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகச் சின்ன ரயிலில் இந்த உச்சிக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு, போடிநாயக்கனூருக்கு மேற்கே உள்ள கொட்டகுடிக்கு இறக்கினார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. மீண்டும் யாரும் போடவில்லை. தேயிலையில் லாபம் இருந்தது, அதனால் நூறு வருஷத்துக்கு முன்பே கம்பெனிக்காரர்கள் மலையுச்சிக்குக் கம்பி இழுத்தார்கள். பூண்டுக்கும் காரட்டுக்கும் யார் இழுப்பார்கள் என்ற கேள்வியோடுதான் நான் இறங்கினேன்.

சோலை முடியும் வளைவில் பள்ளத்தாக்கு திடீரென்று திறக்கிறது. எதிர் மலைச் சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். பச்சையிலேயே நாலைந்து வகைப் பச்சை: பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ், பீன்ஸ். நடுநடுவே சிவந்த மண். கேரளம் என்றதும் மனதில் வரும் தென்னையும் காயலும் இங்கே இல்லை. கடைத்தெருவான கோவிலூரில் காதில் விழுவது மதுரைப் பக்கத்துத் தமிழ். முன்னோர்கள் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கிழக்கே மலையைத் தாண்டினால் கொடைக்கானல் வட்டத்தின் கிளாவரை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்தப் பக்கமும் உண்டு. 1956இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு நின்றது. ஊர் அப்படியே இருக்க, அரசாங்கக் கடிதாசி மட்டும் மலையாளமானது.

நான் போன அன்று கோவிலூரின் ஒரு கணினி மையத்தின் வாசலில் சின்னக் கூட்டம். உள்ளே பிளஸ் டூ முடித்த ஒரு பெண், கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து கடைசியில் ஓடிபி கேட்டது. பதிவு செய்த எண் அப்பாவுடையது. அந்தக் கம்பெனியின் சிம் கடைத்தெருவில் எடுக்காது. மேலே, பூண்டு வயலுக்கு அப்பால் ஒரு வளைவில்தான் எடுக்கும். அப்பா அங்கே நிற்கிறார். அவருக்கும் கடைக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் ஒரு பையன். ஓடிபி வந்ததும் அதை அவர் கையில் எழுதிக் கொடுப்பார், பையன் இறங்கி வருவான், அவள் தட்டச்சு செய்வாள். அதற்கான அவகாசம் பத்து நிமிடம்.

பையன் முதல் முறை வந்தபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

"வயரு இருக்கிற எடத்துல ரேஞ்ச் இல்ல, ரேஞ்ச் இருக்கிற எடத்துல வயரு இல்ல. நாங்க எங்க நிக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மறுநாள் மாலை 5 மணியோடு விண்ணப்பம் முடிகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வட்டவடை இருப்பது இடுக்கி மாவட்டத்தில். 2015 ஜனவரியில், நாட்டிலேயே அதிவேக ஊரக அகலக்கற்றை வலைப்பின்னலில் முழுவதும் இணைக்கப்பட்ட முதல் மாவட்டம் என்று மத்திய அரசு அறிவித்தது இதே இடுக்கியைத்தான். அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் விழா நடத்தித் தொடங்கி வைத்தார். எட்டு ஒன்றியங்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். மலை மாவட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டது நல்ல முடிவு என்று அன்று நானும் எழுதியிருக்கிறேன். எழுதியதில் பாதி சரி.

அந்தத் திட்டத்தின் கதை சுருக்கமாக இதுதான். 2011 அக்டோபரில் தேசியக் கண்ணாடி இழை வலைப்பின்னல் என்ற பெயரில் 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய், அவகாசம் இரண்டு வருஷம். பிறகு அது பாரத்நெட் ஆயிற்று. முதல் கட்டமான ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிய 2017 டிசம்பர் ஆனது. அதற்குள் மதிப்பீடு 42,000 கோடியைத் தாண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் திட்டத்தைத் திருத்தி அமைத்தபோது ஒதுக்கிய தொகை 1,39,579 கோடி. இந்தப் பணத்துக்கு அடிப்படை, தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை வரியாகக் கட்ட 2002இல் உருவான நிதி. வணிகக் கணக்கில் லாபம் வராத ஊர்களுக்குத் தொடர்பு கொண்டுபோகத்தான் அந்த நிதியே. அது பல ஆண்டுகள் செலவாகாமல் தேங்கிக் கிடந்தது தனிக்கதை.

பாரத்நெட் போட்ட கம்பி ஒன்றியத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை வரும். அங்கே சுவரில் ஒரு பெட்டி. அத்தோடு கணக்கில் 'இணைக்கப்பட்டது' என்று எழுதிவிடலாம். பெட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, சுகாதார நிலையத்துக்கு, வீட்டுக்கு யார் கொண்டுபோவது? தனியார் வந்து வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று திட்டம் போட்டவர்கள் நம்பினார்கள். லாபம் இல்லையென்று வராதவர்கள், அரசு முக்கால் வழிக்குக் கம்பி போட்டுவிட்டதால் மட்டும் வந்துவிடுவார்களா?

2019இல் இதே மாவட்டத்தில் வேறொரு ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பெட்டி இருந்தது. அதன்மேல் தூசியும், தூசியின்மேல் ஒரு கூட்டுறவுச் சங்கக் காலண்டரும் இருந்தன. விளக்கு எரியவில்லை. "அது மத்திய அரசுப் பெட்டி. நாங்க தொடறதில்லை" என்றார் எழுத்தர். அலுவலக வேலைக்கு அவர்கள் தனியாக மாதச் சந்தா கட்டி ஓர் இணைப்பு வைத்திருந்தார்கள். பெட்டி என்றைக்கிலிருந்து அணைந்திருக்கிறது என்பதை அங்கே இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவர்களில் யாருக்கும் இல்லை.

இது புது வியாதி அல்ல. 1990களில் கிராமந்தோறும் பொதுத் தொலைபேசி வைத்தார்கள், நினைவிருக்கலாம். கம்பி இழுக்க முடியாத ஊர்களுக்கு ரேடியோ அலையில் இயங்கும் கருவிகள். திறப்பு விழாக்கள் நடந்தன, புள்ளிவிவரங்கள் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டன. கருவிகள் அடிக்கடி ஊமையாயின. கடைசியில் 1.86 லட்சம் கிராமங்களின் கருவிகளைக் கழற்றிவிட்டு வேறு வைக்க, மேலே சொன்ன அதே நிதியிலிருந்து மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஊருக்கு இரண்டு முறை தொலைபேசி. எத்தனை வைத்தோம் என்று எண்ணினார்கள். நேற்று எத்தனை பேசின என்று யாரும் எண்ணவில்லை.

வட்டவடையில் முதலில் அலைவரிசை தேடுவது படிக்கிற பிள்ளைகள் அல்ல, காய் விற்பவர்கள். விளைந்ததை வாங்க மதுரைப் பக்கத்து வியாபாரிகளின் ஆட்கள் வருகிறார்கள். அன்றைய சந்தை விலை அவர்களுக்குத் தெரியும். மண்வெட்டியோடு நிற்பவருக்குத் தெரிய வேண்டுமானால் அவர் மேட்டுக்கு ஏற வேண்டும். காந்தள்ளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லி விற்பவர் யார், விலை யாருக்குப் போகிறது என்பது வேறு விஷயம். "பேரு எங்களுது, ரேட்டு அவங்களுது" என்றார் ஒரு பூண்டு விவசாயி. அவரிடம் நல்ல கைபேசி இருக்கிறது. வயலுக்கு அதைக் கொண்டுபோவதில்லை, "சும்மா சேத்துல விழும், வேறென்ன?"

விலை தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்திலேயே பேர் பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர், 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் கைபேசி பரவியபோது மீன் விலை என்ன ஆயிற்று என்று பார்த்தார். அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் இல்லாமல் ஆட்கள் திரும்பிப் போவார்கள். கடலில் இருந்தபடியே விலை கேட்க முடிந்ததும் கொட்டுவது நின்றது. மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அங்கே கோபுரம் வைத்தவர்கள் தனியார். கரையோரம் ஜனம் நெருக்கமாக இருந்தது, போட்ட முதல் திரும்பியது. மலையில் அதே கோபுரத்துக்குச் செலவு அதிகம், பேசுகிறவர்கள் குறைவு. பொதுப் பணம் தேவைப்படுவது இந்த இடைவெளியில்தான். வேறெங்கு கொட்டினாலும் வீண்.

கொரோனாக் காலம் இந்த இடைவெளியை எல்லோருக்கும் காட்டியது. 2020 ஜூன் 1ஆம் தேதி கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. நாடே பாராட்டிய ஏற்பாடு, பாராட்டத்தக்கதும்கூட. ஆனால் தொலைக்காட்சியில் வந்தது மலையாளப் பாடம். தமிழ்வழியில் படிக்கும் பாலக்காடு, இடுக்கிப் பிள்ளைகளுக்கான வகுப்புகளை முக்கியமாக யூடியூபில் பார்க்க வேண்டியிருந்தது. அதாவது மலையாளப் பிள்ளைக்கு டிவி போதும்; தோட்டத் தொழிலாளியின் தமிழ்ப் பிள்ளைக்கு இணையம் வேண்டும். இணையம் குறைவாக இருந்தது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இராஜமலைத் தோட்டத்துப் பிள்ளைகள் 2021இல் இரவிகுளம் தேசியப் பூங்காச் சாலையோரத்தில், மழையில் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டது செய்தியாக வந்தது. அந்த மாவட்டம் 'முழுவதும் இணைக்கப்பட்டு' ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அதே இராஜமலைக்கு அப்பால்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மூடியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். அடைமழையில் மின்சாரமும் போய், தொலைத்தொடர்பும் போயிருந்தது. உயிர் தப்பியவர்கள் இருட்டில் நடந்துபோய்த்தான் சொல்ல முடிந்தது. வெளியுலகம் அறிந்தபோது மறுநாள் காலையாகிவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. கம்பியோ கோபுரமோ, கரண்ட் போன பிறகும் வேலை செய்ய அதன் காலடியில் பேட்டரி வேண்டும், பேட்டரியை மாற்ற ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். திறப்பு விழாவில் யாரும் பேட்டரிக்கு மாலை போடுவதில்லை.

மாநில அரசின் பதில் கே-ஃபோன். இணையம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று கேரளம் அறிவித்துக்கொண்ட மாநிலம். 2023 ஜூன் 5ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். செலவு 1,500 கோடி ரூபாய் அளவில். இலக்கு 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு, 30,000 அரசு அலுவலகங்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: கம்பியை மண்ணில் புதைக்காமல் பெரும்பாலும் மின்வாரியக் கம்பங்களிலேயே கட்டினார்கள். மின்கம்பம் ஏற்கெனவே மக்கள் பணத்தில் நட்டது. மலையில் பள்ளம் தோண்டினால் அடுத்த மழையில் மண் சரியும், அதற்கடுத்த வருஷம் சாலை அகலப்படுத்த வரும் மண்வாரி எந்திரம் கம்பியை அறுக்கும். கம்பத்தில் தொங்குவது அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், கம்பம் ஏறத் தெரிந்த ஆள் ஊரிலேயே இருப்பான். ஆந்திரமும் இதற்கு முன்பே இப்படிச் செய்தது. மரம் விழுந்தால் கரண்டும் நெட்டும் ஒன்றாகப் போகும் என்பது இதன் குறை. வட்டவடையில் மரம் விழாத மழைக்காலம் ஏது?

முதல் கட்டமாக ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் 100 வீதம் 14,000 வீடுகளுக்கு என்றார்கள். சமமாகப் பங்கிட்டதாகத் தோன்றும். தெருத்தெருவாகக் கேபிள் ஓடும் கொச்சியின் தொகுதிக்கும் 100 வீடு, வட்டவடையும் எடமலைக்குடியும் மறையூரும் அடங்கிய தேவிகுளத்துக்கும் 100 வீடு. தேவிகுளம் தொகுதியில் ஊராட்சிகளே பத்துக்கு மேல். ஊராட்சிக்குப் பத்து வீடுகூடத் தேறாது. எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பது சட்டமன்றத்தில் பதில் சொல்ல வசதி. மலைக்கு அது போதாது. ஒப்பந்தங்களில் முறைகேடு என்று சொல்லி எதிர்க்கட்சித் தலைவர் வி.டி. சதீசன் சி.பி.ஐ. விசாரணை கேட்டு உயர் நீதிமன்றம் போனார். 2024இல் மனு தள்ளுபடி ஆயிற்று. தொலைக்காட்சி விவாதங்கள் யாருக்கு ஒப்பந்தம் போனது என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. யார் வீட்டுக்கு இணைப்பு போனது என்று கேட்கவும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

நேர் எதிரான உதாரணம் எடமலைக்குடி. மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் முதுவர் ஊராட்சி; 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. 2023இல் மாநிலப் பழங்குடி நலத்துறைப் பணத்தில், நான்கு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, பிஎஸ்என்எல் சுமார் 40 கிலோமீட்டர் கண்ணாடி இழையைக் காட்டு வழியே கொண்டுபோனது. அங்கே இருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். தலைக்கு ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய். இவ்வளவு பணமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் ஒரு நண்பரே என்னிடம் கேட்டார்.

ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்க, ஓய்வூதியம் எடுக்க, பிரசவ வலி கண்டவளைத் தூக்கி வருமுன் கீழே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல, எல்லாவற்றுக்கும் இணையத்தைக் கட்டாயமாக்கியது அரசு. கட்டாயமாக்கிய பிறகு 'உங்களுக்குச் செலவு அதிகம்' என்று சொல்வது என்ன நியாயம்? அந்த நான்கு கோடி வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒரு இடத்தில் நிற்கும் கோபுரம் காடெங்கும் சிதறிக் கிடக்கும் இருபதுக்கு மேற்பட்ட குடிகள் எல்லாவற்றுக்கும் எட்டாது. ஆகவே செலவு இன்னும் முடியவில்லை என்றே நினைக்கிறேன். வீண் என்பது என் பார்வையில் அந்தக் காலண்டர் மாட்டிய பெட்டி. அதற்குத் தலைக்கு எவ்வளவு என்று கணக்கே போட முடியாது, பயன்பட்டவர் பூஜ்யம்.

டில்லிக்கும் இது புரியத் தொடங்கியிருக்கிறது. 2023இன் திருத்திய திட்டத்தில் கம்பியை ஒரே நேர்கோடாக இழுக்காமல் வளையமாகப் போடச் சொல்கிறார்கள். நேர்கோட்டில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊரெல்லாம் இருளும். வளையத்தில் மறுபக்கமாகச் சுற்றி வரும். பத்து வருஷப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீடுகளுக்கு இணைப்பு கொடுத்துப் பழுதும் பார்க்கும் உள்ளூர் இளைஞருக்கு வருமானத்தில் பங்கு. பன்னிரண்டு வருஷமும் பல ஆயிரம் கோடியும் செலவழித்துக் கற்ற பாடம். கோவிலூரில் ஒரு கேபிள் டிவிக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு கட்டன் சாயா செலவில் சொல்லியிருப்பார்.

கோவிலூரில் ஒரு நூலகம் இருக்கிறது. 2018இல் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் குத்திக் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யு இந்த ஊர்க்காரர். ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் இறந்த பிறகு கேரளமெங்கும் இருந்து மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள் வந்து குவிந்தன. அரசியல் எதுவானாலும், காய்கறி விளைவிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவனின் பெயரில் ஊருக்குப் புத்தகம் வந்தது. இங்கே ஒரு நல்ல இணைப்பும், இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க ஒரு ஆளும் இருந்தால், நூறு வீட்டுக்குத் தனித்தனியாகக் கம்பி இழுக்க முடியாத காலத்திலும் நூறு பிள்ளைகளுக்கு உதவும். டீக்கடைக்காரரும் வைஃபை விற்கலாம் என்று 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அந்த விதி இந்த மலைக்குப் பொருந்தும். ஏறி வருவதுதான் பாக்கி.

இன்னொரு விஷயம், இது என் தொழில் சார்ந்த மனக்குறை. கணினி மையத்தில் அந்தப் பெண் நிரப்பிய படிவம் ஆங்கிலத்தில். பக்கத்தில் ஒரு பாட்டி ஓய்வூதியத்துக்காக வைத்திருந்த காகிதம் மலையாளத்தில். 1969ஆம் வருஷக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் உள்ள பகுதிகளில் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. கடிதம் எழுத உரிமை இருக்கிறது. இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? எல்லாம் திரையில் வந்துவிட்டது. அந்தத் திரையைத் தமிழில் ஆக்க ஆகும் செலவு ஒரு கிலோமீட்டர் கண்ணாடி இழைக்குக்கூட வராது. அந்தப் பாட்டிக்குக் கடைக்காரப் பையன் வாசித்துச் சொன்னான். "இவன் இல்லாட்டி எனக்கு நெட்டும் இல்ல, சர்க்காரும் இல்ல" என்றார் பாட்டி.

அன்று மாலை இரண்டாவது ஓடிபியும் மூன்றாவதும் மேட்டுக்கு வரவே இல்லை. மேகம் இறங்கிவிட்டது. ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. அப்பா நனைந்துபோய் இறங்கி வந்தார். "காலையில மூணாறுக்குப் போயி போட்டுரலாம்மா" என்றார். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்குந்தான்ப்பா" என்றாள் அவள், பத்தாவது தடவையாக.

காலையில் நான் திரும்பிய ஜீப்பில் அவளும் ஏறினாள். மடியில் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறை, கையில் அப்பாவின் கைபேசி. பின்னால் மூன்று மூட்டை காரட். பூண்டு விலை கேட்டு மதுரைக்காரர் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவர் கையில்தான் இன்று போன் இல்லையே.

பாம்பாடும் சோலையைத் தாண்டி டாப் ஸ்டேஷன் வளைவில் ஏறியதும் கைபேசி சிணுங்கியது. ஒன்று, இன்னொன்று. முந்தின நாள் வராமல் போன இரண்டு ஓடிபிகளும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. கூடவே மதுரையிலிருந்து தவறிய அழைப்புகள் நான்கு. அவள் ஓடிபிகளை அழித்தாள். "அண்ணே, மாட்டுப்பட்டிகிட்ட ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்குல்ல, அங்க நிறுத்துங்க" என்றாள். ஓட்டுநர் மணி பார்த்தார். ஒன்பதேகால்.